தோன்றா எழுவாய்

ருவைஸில் வெயில் சட்டம்
பன்னிரண்டரைக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியும்.
மற்றவர்கள் அட்டையை விரித்துத் தூங்குவார்கள்.
நான் தண்ணீர்ப் பெட்டிமேல் புத்தகத்தை வைத்து
வாக்கியம் நான்கு வகைப்படும் என்று படிப்பேன்.

ஐந்து திர்ஹத்துக்கு
அறைத்தோழன் விற்றுவிட்டுப் போன புத்தகம்.
எல்லாப் பயிற்சிக்கும் பென்சிலில் விடை எழுதியிருந்தான்.
பாதி தப்பு.
எந்தப் பாதி என்பதுதான் என் படிப்பு.

டிசம்பரில் பரீட்சை. சேஃப்டி உதவியாளர்.
தேறினால் சட்டையின் நிறம் மாறும்,
நிழலில் நிற்கலாம்.

செய்தி. வினா. கட்டளை. உணர்ச்சி.
கட்டளை எனக்குப் படிக்காமலே வரும்.
நான் கிரேனுக்குக் கை காட்டுகிறவன்.
சுட்டுவிரலை வானத்துக்கு நீட்டிச் சுழற்றினால், தூக்கு.
தரைக்கு நீட்டிச் சுழற்றினால், இறக்கு.
உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால், நில்.
பதினொரு வருடம்
கட்டளை வாக்கியத்திலேயே பேசி
வயிறு கழுவியிருக்கிறேன்.

கட்டளையில் 'யூ' கண்ணுக்குத் தெரியாதாம்,
ஒளிந்துகொண்டிருக்குமாம்.
எட்டாம் வகுப்பில் இதற்குத் தமிழில் ஒரு பேர் சொன்னார்கள்,
தோன்றா எழுவாய்.
அறுபது மீட்டர் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள்
அப்படித்தான் இருந்தான் ஸர்வலி.
முகம் தெரியாது. கொக்கி அசைந்தால் ஆள் இருக்கிறான்.
அவனுக்குப் பஷ்தோ, எனக்குத் தமிழ்,
இடையில் என் கை.

வினா வாக்கியத்தில்தான் தடுமாறினேன்.
தமிழில் கடைசியில் ஓர் ஆ ஒட்டினால் போதும்,
சாப்பிட்டான், சாப்பிட்டானா.
அங்கே வினைச்சொல்லைத் தூக்கி
எழுவாய்க்கு முன்னால் இறக்க வேண்டும்.
அதுகூடப் பரவாயில்லை, தூக்கி இறக்குவது தெரிந்த வேலை.
ஆனால் சைகையில் கேள்வியே கிடையாது.
சுவரொட்டியில் பத்தொன்பது படம்,
ஒன்றுகூட எதையும் கேட்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றே காலுக்கு,
நான்கு டன் குழாய்க் கட்டு
தரையிலிருந்து ஓரடி எழும்பி
அப்படியே நின்றது.
தூக்கு என்றேன். தூக்கு என்றேன்.
அதன் நிழல் மட்டும் மணலில் மெல்லத் திரும்பியது.
ரேடியோவை அழுத்தி,
வினையை முன்னால் போட்டு, இலக்கணம் பிசகாமல்,
'ஆர் யூ ஓகே?' என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று இரைந்தது.
பிறகு இரண்டு சொல்.
'ஃபாதர் ஃபினிஷ்.'

புத்தகம் இதை வாக்கியமென்று ஒத்துக்கொள்ளாது.
வினை முழுசாய் இல்லை, காலம் இல்லை,
யாருடைய தகப்பன் என்றுகூட இல்லை.
நான்கு கட்டத்தில் எதில் எழுதுவது இதை?

அதற்குள் ரெய்னால்டோவின் குரல்,
'ஹூ டோல்ட் யூ டு ஸ்டாப், எபநேசர்?'
உருவத்தில் வினா, தொண்டையில் உணர்ச்சி, உள்ளே கட்டளை.
மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான்
ஃபோர்மேன் சம்பளம்.

முதலில், இறக்கு என்று காட்டினேன்.
கட்டு தரை தொட்டது. சங்கிலி தளர்ந்தது.
அப்புறம் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால்
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றேன்.
சுவரொட்டியில் அதுதான் கடைசிப் படம்.
பொருள்: எல்லாவற்றையும் நிறுத்து.
அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தவனுக்கு
அது வேறு எப்படித் தெரிந்ததோ.

ஏணியில் அவன் இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது.
முதல் தடவையாகப் பக்கத்தில் பார்க்கிறேன்,
என்னைவிடக் குள்ளம், இடது செருப்பில் கம்பிக் கட்டு.
என் தண்ணீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.
புத்தகத்தை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

டிசம்பர் பரீட்சையில் ஐந்தாவது கேள்வி:
செய்தி வாக்கியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு, வானம் நீலம் என்று எழுதினேன்,
எல்லாரும் எழுதுவது.
வெளியே அன்றைக்கு அது புழுதி நிறம்.
முழு மார்க் போட்டிருந்தார்கள்.